அக்காவைக் கட்டிக்கொடுத்த தீவு

அக்காவுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பல்பொடி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அம்மா முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. அடுத்த மாதம் மணிக்கட்டில் இன்னொன்று. வருஷம் திரும்புவதற்குள் இரண்டு கைகளிலும் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் விரல்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, மாவில் தோய்த்த மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

இராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் நாங்கள் குடியிருந்தோம். ஒரே வளைவுக்குள் ஆறு குடித்தனம், ஒரே குழாய். நைனா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். கப்பல் வந்திருக்கும் நாட்களில் அவரை நாங்கள் பார்ப்பதே அபூர்வம். அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காக ஒரு நாள் லீவு போட்டார். அங்கே டாக்டர், இது தொற்றாது, தோலில் நிறம் போய்விடுகிறது, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார். நைனா அதை வளைவில் எல்லோரிடமும் சொன்னார். சொன்ன அவரே அக்காவின் தட்டைத் தனியாக வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

நாட்டு மருந்தும் பார்த்தார்கள். கார்போகரிசியை அரைத்துப் பூசி, தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார வேண்டும். குழாயடிக்குப் பக்கத்தில்தான் வெயில் விழும். அக்கா அங்கே முக்காலி போட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போவார்கள். தோல் கொப்பளித்து உடைந்தது. ஆறிய இடத்தில் முன்னைவிட வெள்ளையாக வந்தது. எதிர்க் குடித்தனத்து அம்மா ஒரு நாள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காத. பெரியவள கடசியா வந்து தண்ணி புடிச்சிக்கச் சொல்லு. சின்னப் பசங்க கீது," என்றாள். அதற்கப்புறம் அக்கா எல்லோரும் பிடித்து முடித்த பிறகே குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். கோயிலில் யாரும் சொல்லாமலேயே கடைசி பெஞ்சுக்குப் போனாள். அவளுக்குத் தையல் நன்றாக வரும். ஜாக்கெட் தைக்கத் துணி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். தையல் மெஷினின்மேல் அம்மா துணி போட்டு மூடி வைத்தாள்.

இருபத்தொரு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. எண்ணூருக்கு வடக்கே ஆறும் கால்வாயும் கடலும் சூழ்ந்த ஒரு தீவு இருக்கிறது. அங்கே மளிகைக்கடை வைத்திருந்தவர் மாப்பிள்ளை. முப்பத்து நாலு வயது, தாய் தகப்பன் இல்லை. சரக்கு வாங்கப் பட்டணத்துக்கு வந்துபோகிறவர் என்பதால் எங்கள் கோயிலில் ஒருவருக்குப் பழக்கம். அவர் சொல்லித்தான் வந்தார். நைனா எதையும் மறைக்கவில்லை. அக்காவை முழுக்கைச் சட்டை இல்லாமல், பவுடர் போடாமல் கொண்டுவந்து நிற்கவைத்தார். அவர் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல உப்புத் தண்ணில எல்லாருக்கும் கையி வெளுத்துதான் கெடக்கும்," என்றார். அவரைத்தான் நான் பிறகு மாமா என்று கூப்பிட்டேன். அதைவிட நல்லதாக ஒரு வார்த்தையை அக்காவைப் பற்றி அதுவரை யாரும் எங்கள் வீட்டில் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் அவளைக் கொண்டுபோய் விட நாங்கள் எல்லோரும் போனோம். இராயபுரத்தில் கரி ரயில் ஏறி எண்ணூரில் இறங்கி, ஆற்றோரம் முக்கால் மணி நேரம் நடந்தால் துறை வரும். தோணியில் ஆள் சேரும்வரை நிற்க வேண்டும். அக்கரையில் இறங்கினால் முழங்கால்வரை சேறு. அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, மணல், மறுபடி சவுக்குத் தோப்பு. நடந்துகொண்டே இருந்தோம். அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் ஊர் வந்தபோது, இதுதானா என்று நைனா மாமாவைக் கேட்டார். "இதான் டவுனு," என்றார் மாமா.

உண்மையில் அப்படித்தான் சொல்வார்கள். தீவில் இருந்த மற்றக் குப்பங்களுக்கெல்லாம் அதுதான் டவுன். ஒரே ஒரு மணல் தெரு. இரண்டு பக்கமும் ஓலை வேய்ந்த பத்துப் பன்னிரண்டு கடைகள், ஐந்தாம் வகுப்புவரை ஒரு பள்ளிக்கூடம், ஒரு அம்மன் கோயில், மாதத்துக்கு ஒரு முறை சாமியார் வந்து பூசை வைக்கும் எங்கள் கோயில். வெள்ளிக்கிழமை சந்தை கூடும். கருவாடும் விறகும் இறாலும் வரும். சந்தை நாளில் தெருவில் நூறு பேர் இருப்பார்கள். மற்ற நாட்களில் நாய்தான். காற்று ஓயாமல் அடிக்கும். சோற்றில், பாயில், தலைமுடியில் எல்லாம் மணல் இருக்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் விடியற்காலையில் தோப்போரம் போய் மணலைத் தோண்டி, ஊறுவதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பொங்கினால் தோணி ஓடாது. ஒரு வாரமோ பத்து நாளோ, யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது.

திரும்பித் தோணி ஏறி வந்தோம். எண்ணூர் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்தபோது நைனா, "நல்ல மனுசன்," என்றார். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்குப் பதினைந்து வயது. வீட்டில் இனிமேல் எங்கள் மூன்று பேர் தட்டு மட்டும்தான் தேய்க்க இருக்கும், தனித் தட்டு இருக்காது என்று தோன்றியது. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அக்கா உண்டானாள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூப்பிடுவதுதான் முறை. நைனா கூப்பிடவில்லை. அங்கேயிருந்து வருவது சிரமம், தோணியில் ஏற்றக்கூடாது என்று காரணம் சொன்னார். அம்மாவுக்கு மூட்டு வலி. அதனால் என்னை அனுப்பினார்கள். இரண்டு மாதம் அந்த ஊரில் இருந்தேன்.

கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அக்கா பகலெல்லாம் அங்கேதான் இருந்தாள். மாமாதான் கடையில் உட்காருவார். அவர் சரக்கெடுக்கப் பட்டணம் போகும் நாட்களில் அக்கா கடைக்கு வந்து உட்கார்ந்தால், ஜனங்கள் தெருவில் நின்று, "அவரு இல்லியா?" என்று கேட்பார்கள். "இல்ல. என்னா வேணும்?" என்பாள் அக்கா. "இல்ல, அப்புறம் வரோம்," என்று போய்விடுவார்கள். நான் வந்த பிறகு அந்த நாட்களில் என்னை உட்கார வைத்தார்கள். நான் அரிசி அளந்தேன், பருப்பு அளந்தேன், அக்கா உள்ளேயிருந்து விலை சொன்னாள். ஒரு கிழவர் மட்டும் அக்காவைக் கூப்பிட்டு அவள் கையாலேயே வெல்லம் வாங்கிக்கொண்டு போவார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று அக்கா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இராயபுரத்துக் குழாயடியில் பார்த்ததுதான் இங்கேயும். மணல் தெருவும் காற்றும்தான் வேறு. "எங்க ஊர்ல எல்லாருக்கும் கையி வெளுத்துதான் கெடக்கும்" என்று மாமா சொன்னது அவருக்கு மட்டும்தான் உண்மையாக இருந்தது. அவர் அக்காவின் தட்டிலேயே சாப்பிட்டார். அவள் கடித்த மாங்காயை வாங்கிக் கடித்தார். ஊர் அவரைத் தடுக்கவும் இல்லை, அவரைப் பின்பற்றவும் இல்லை.

பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி அதே தெருக் கோடியில் இருந்தவள். கையில் பழந்துணி சுற்றிக்கொண்டுதான் அக்காவைத் தொட்டாள். பெண் குழந்தை. வேலை முடிந்ததும் வெளியே போய்ச் சாம்பல் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். அக்கா படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பாப்பா, கொழந்தய வெளிச்சத்துல காட்டு," என்றாள். என்னை அவள் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

காட்டினேன். விரல் விரலாகப் பார்த்தாள். உதடு, காதுக்குப் பின்னால், கால் இடுக்கு எல்லாம் பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். நான் இருந்த நாள்வரைக்கும் தினமும் காலையில் வெயில் வந்ததும் குழந்தையைக் கதவுக்குப் பக்கத்தில் கிடத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பால் கொடுக்கக்கூட அதற்கப்புறம்தான் எடுப்பாள். ஒரு நாள் நான், "டாக்டர்தான் ஒட்டாதுன்னு சொன்னாரே அக்கா," என்றேன்.

"அவரு சொன்னாரு. ஜனங்க சொன்னாங்களா?" என்றாள்.

நான் இராயபுரம் திரும்பியபோது எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. முதல் இடத்தில் அக்காவைப் பற்றி விசாரித்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் நேரடியாகவே, "உங்க குடும்பத்துல குஷ்டம் கீதாமே," என்று கேட்டார்கள். நைனா டாக்டர் சொன்னதைச் சொன்னார். அவர்கள் காபி குடிக்காமல் எழுந்தார்கள்.

மூன்றாவது இடம் திருவொற்றியூரிலிருந்து வந்தது. மாப்பிள்ளை தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். நான் உள்ளே திரைக்குப் பின்னால் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா, "ஒங்களுக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டார்.

நைனா சட்டைப் பித்தானைத் திருகினார். அப்புறம், "ஒரே பொண்ணுதான்," என்றார்.

அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். திரையை விலக்கி வெளியே போய், எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று சொல்ல மூன்று அடி தூரம்தான். அம்மா என் கையிலிருந்த தட்டைச் சரியாகப் பிடித்துவிட்டு, "போ, ஆறிடப் போவுது," என்றாள். நான் போனேன். காபி கொடுத்தேன். நிச்சயமாகிவிட்டது.

கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்தால் கல்யாணம். இரண்டாவது ஞாயிறு முடிந்ததும், அக்காவிடம் யாராவது சொல்ல வேண்டும் என்று அம்மா பேச்சை எடுத்தாள். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் போகிறேன் என்றேன். என் கல்யாணம், நான்தான் சொல்ல வேண்டும் என்று தைரியமாகத்தான் கிளம்பினேன். ரயிலில் வார்த்தைகளை எல்லாம் கோத்துவைத்தேன். தோணியில் ஏறியபோது அவை எல்லாம் கலைந்துபோயின.

அக்கா என்னைப் பார்த்ததும் மீன் வாங்கி வரச் சொன்னாள் மாமாவை. குழந்தைக்கு மூன்று வயது, என் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. சாப்பிட்டோம். அக்கா அம்மாவின் மூட்டு வலியைக் கேட்டாள், குழாயடியில் புதிதாக யார் குடிவந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பதில் சொன்னேன். பிற்பகல் தோணிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவளே எழுந்துபோய் டேப்பை எடுத்து வந்தாள்.

"எந்திரு. அளவு எடுக்கிறேன்."

"எதுக்கு?"

"கல்யாண ஜாக்கெட்டுக்கு. பழைய அளவு பத்தாது, நீ சதை போட்டுட்ட."

மாமா பட்டணத்தில் கேள்விப்பட்டிருக்கிறார். ஓலை வாசித்தது, மாப்பிள்ளை எந்த ஊர் என்பது, நைனா சொன்ன பதில் எல்லாம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவள் அளவு எடுத்தாள். டேப்பின் நுனியை நகத்தால் பிடித்துக்கொண்டு, என் கழுத்திலோ தோளிலோ அவள் விரல் படாமல் எடுத்தாள். யாரிடம் பழகியது அது என்று தெரியவில்லை. சின்ன வயதில் அவள்தான் எனக்குத் தலை வாரிவிடுவாள்.

"அக்கா," என்றேன்.

"நான் வரல பாப்பா. கடையப் பாத்துக்க ஆள் இல்ல. கொழந்தைக்கும் தோணி ஒத்துக்காது," என்று அளவைச் சுவரில் கரியால் எழுதினாள்.

நான் பையை எடுத்துக்கொண்டேன். நீ வந்தே தீர வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். வரமாட்டாள், ஆனாலும் சொல்லியிருக்கலாம். அவள் எனக்கு வேலையைச் சுலபமாக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே தோணிக்கு நடந்தேன். மாமாதான் துறைவரை வந்தார். என்னைவிடப் பத்தடி முன்னாலேயே நடந்தார். தோணி ஏறும்போது, "அவளுக்கு ஒண்ணும் கோவம் இல்ல," என்றார். அவருக்கு இருந்தது. முகத்தில் தெரிந்தது.

பத்து நாளில் ஜாக்கெட் வந்து சேர்ந்தது. மாமா வீட்டுக்கு வராமல், கோயில் வாசலில் ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யாராவது கேட்டால் வண்ணாரப்பேட்டையில் தைத்தது என்று சொல் என்று நைனா சொன்னார். கல்யாணத்தன்று என் மாமியார்கூடத் தையலைத் தொட்டுப் பார்த்து யார் தைத்தது என்று கேட்டார். வண்ணாரப்பேட்டை என்றேன்.

திருவொற்றியூரில் என் வாழ்க்கை மோசமாக இல்லை. என் கணவர் அதிகம் பேசாதவர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் ரேடியோ கேட்பார், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். கறாரான மனுஷி, ஆனால் கொடுமைக்காரி இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பிறந்த அன்றைக்கே இரண்டு பேரையும் வெளிச்சத்தில் வைத்து விரல் விரலாகப் பார்த்தேன். என்ன பார்க்கிறாய் என்று அத்தை கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அக்கா வீட்டுக்கு அந்த வருஷங்களில் நான் போகவில்லை. போவதென்றால் எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மா மட்டும், எர்ணாவூரில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதாக நைனாவிடம் சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு முறை தோணி ஏறினாள். நைனா அவளை ஒன்றும் கேட்டதில்லை. எர்ணாவூரில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது.

நைனா இறந்தது எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம். நெஞ்சில் சளி கட்டி, இரண்டு மாதம் படுத்திருந்தார். விடிகிற நேரத்தில் போனார். அம்மா அழுவதற்கு முன்னால், அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டு, "எண்ணூருக்கு முத ரயில்ல போ. பெரியவளுக்குச் சொல்லணும்," என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள் 'பெரியவள்' என்று சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. நல்லவேளையாக அப்போது என் மாமியார் வந்திருக்கவில்லை என்று நான் நினைத்தேன். என் தகப்பன் செத்துக் கிடக்கிறபோது நான் நினைத்தது அதுதான்.

மூன்று மணிக்குச் சாமியார் வந்தார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அக்கா வந்துவிட்டாள். கூட மாமா, ஏழு வயதுப் பெண். இடுப்புவரை புடவை ஈரம், சேறு. நடந்தும் ஓடியும் வந்திருக்க வேண்டும். நான் அவளைப் பார்த்து நாலு வருஷம் ஆகிவிட்டிருந்தது. முகம் முழுக்க வெளுத்துவிட்டது. நெற்றியிலும் ஒரு கன்னத்திலும் மட்டும் பழைய நிறம் தீவு தீவாக மிச்சம் இருந்தது. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. மரியாதைக்காக இல்லை. அவள் நைனாவின் கால்மாட்டில் நின்றாள். தொடவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை.

என் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குனிந்து, "யாரு இது?" என்று கேட்டார்.

என் வாய் திறந்தது. என்ன சொல்லப்போனேன் என்று இன்றைக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்லத்தான் திறந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. தலைப்பை எடுத்துவிட்டு, என் மாமியாரைப் பார்த்து, "நாங்க தீவுல இருந்து வரோம்மா. இவரு எங்க வூட்டுக்காரருக்கு வேண்டியவரு," என்றாள்.

அம்மா ஓவென்று கத்தினாள். நைனாவுக்காகக் கத்தினாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

காசிமேட்டுக் கல்லறைக்குப் பெட்டி போனது. திரும்பி வந்து பார்த்தபோது அவர்கள் மூன்று பேரும் இல்லை. கடைசித் தோணியைப் பிடிக்கப் போய்விட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூட எங்கள் வீட்டில் குடிக்கவில்லை என்று எதிர்க் குடித்தனத்து அம்மா சொன்னாள். குழாயடிக்கு எல்லோருக்கும் பிறகுதான் வர வேண்டும் என்று சொன்ன அதே அம்மாதான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் நான் சாப்பாட்டைத் தொட்டதும் எழுந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் கணவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அன்றைக்கு வந்தது என் கூடப்பிறந்த அக்கா என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"இன்னா தெரியும்?"

"அவங்க உன் அக்கான்னு. கல்யாணம் ஆயி மூணு மாசத்துலயே தெரியும். எங்க ஷாப்புல எண்ணூர்க்காரன் ஒருத்தன் கீறான். அவன் சொன்னான்."

"அத்தைக்கு?"

"அம்மாவுக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

அவர் மிச்ச டீயைக் குடித்தார். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு வர்ஷம் பாத்தேன், ரெண்டு வர்ஷம் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் எழுந்து போய் ரேடியோவைப் போட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நைனா சொன்ன பொய்யை நான் மட்டும்தான் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். நாலு வருஷம், காப்பாற்றத் தேவையே இல்லாத பொய்யை. அத்தை அன்றைக்குத் தெரிந்துகொண்டே கேட்டாரா, என் வாயால் வரட்டும் என்று கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. அவர் போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் தீவுக்குப் போக எனக்கு எந்தத் தடையும் இல்லை. அடுத்த வாரமே என் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா வரவேற்றாள். தன் பெண்ணிடம், "சித்தி வந்திருக்காங்க, சித்தப்பா வந்திருக்காரு," என்று காட்டினாள். புதுப் பாய் விரித்தாள். மாமா என் கணவரைத் தோப்புக்குக் கூட்டிப்போனார். என் பிள்ளைகள் மணலில் உருண்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா எனக்கும் என் பிள்ளைகளுக்கும் தன் கையால் பரிமாறவில்லை. இலையில் தன் பெண்ணை விட்டுப் போடச் சொன்னாள். "நீ போடு அக்கா," என்றேன். "அவ போடுவா," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். விருந்துக்குப் போன வீட்டில் எப்படி விழுந்து அழுவது என்று தெரியாத மாதிரி, அவளிடமும் எனக்குத் தெரியவில்லை.

இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒன்றிரண்டு வருஷம் ஆனது. பெரிய திருநாளுக்குப் போவேன். துணி வாங்கிப் போவேன். அவள் கருவாடு கட்டிக் கொடுப்பாள். கிளம்பும்போது அம்மாவை விசாரித்ததாகச் சொல்லச் சொல்வாள். அவள் மறுபடி ஆற்றைத் தாண்டி வரவே இல்லை. அம்மா படுத்த படுக்கையானபோதுகூட மாமாவும் பெண்ணும்தான் வந்தார்கள்.

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு முடித்ததும், எனக்கு ஒரு யோசனை வந்தது. தீவில் அதற்குமேல் பள்ளிக்கூடம் கிடையாது. அந்தப் பெண் நன்றாகப் படிப்பவள், கணக்கில் புலி. கடையில் அவள்தான் மனக்கணக்காகவே விலை சொல்வாள். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹைஸ்கூல். என் கணவரைக் கேட்டேன், சரி என்றார். அத்தைகூட ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒரு சந்தை நாளில் தனியாகப் போனேன். ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போவது போல எனக்கு மனசு லேசாக இருந்தது.

அக்கா கடையில் உட்கார்ந்திருந்தாள். மாமாவுக்கு முன்னைப்போல முடியாததால் இப்போது அவளும் உட்காருவாள். வருகிறவர்கள் வாங்கினார்கள், ஆனால் காசைப் பலகையில் வைத்தார்கள், மிச்சத்தைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் குறைந்ததும் நான் சொன்னேன். பள்ளிக்கூடம், யூனிஃபார்ம், என் பெண்ணோடு ஒரே பாயில் படுக்கலாம், சனிக்கிழமை தோறும் நானே கொண்டுவந்து விடுகிறேன், எல்லாம் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டாள். அவள் பெண் உள்ளேயிருந்து கதவோரம் வந்து நின்றிருந்தது.

"வேணாம் பாப்பா," என்றாள்.

"ஏன் அக்கா? இங்க இருந்தா என்னா படிப்பா?"

"ஒண்ணும் படிக்க மாட்டா. தெரியும்."

"அப்புறம்?"

அவள் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். "அங்க பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. ஒங்கம்மா யாரு, ஏன் வரதில்லன்னு. மொதல்ல அழுவா. அப்புறம் ஏதாச்சும் சொல்லப் பழகிக்குவா. எங்கிட்ட இருக்கிறவரைக்கும் அவ அத பழக வேணாம்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் பார்க்கவில்லை. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை. கை அப்படியே என் கைக்குள் கிடந்தது. ஒரு ஆள் வந்து அரைப்படி உப்பு கேட்டபோது எழுந்துபோய் அளந்தாள்.

அந்தப் பெண் கதவோரத்திலிருந்து உள்ளே போய்விட்டது. நான் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள உள்ளே போனேன். பாடப் புத்தகங்களை ஒரு சாக்குப் பையில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. "எடைக்குப் போடப் போறியா?" என்று கேட்டேன். "இல்ல சித்தி, பக்கத்து வூட்டுப் பையன் அஞ்சாவது போறான். அவனுக்கு," என்றது. அழுதிருந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை.

அன்றைக்குத் தோணியில் நான் ஒருத்திதான். சந்தைச் சரக்கை இறக்கிவிட்டு வெறும் கூடைகளை ஏற்றியிருந்தார்கள். மீன் வாடை குமட்டியது. தோணிக்காரர், "கடக்கார அம்மாவுக்கு நீங்க என்னா ஒறவு?" என்று கேட்டார்.

"தங்கச்சி," என்றேன்.

"அப்டியா," என்று சொல்லிவிட்டுக் கழியை ஊன்றினார். அவருக்கு அதில் ஒன்றும் இல்லை.